பேரை வடிவா போடுங்கோ

கீழே வருவது அத்தனையும் நடந்தது. கூட்டிச் சொன்னதும் இல்லை, குறைத்துச் சொன்னதும் இல்லை. ஹட்டன் பிள்ளையார் மேலும், ஹட்டன் மாதா மேலும், இரண்டு கோவிலையும் பாகுபாடில்லாமல் நனைக்கிற மழையின் மேலும் சத்தியம். நம்ப முடியாதவர்கள் இந்தப் பத்தியோடு எழுந்துபோய் வேறு சோலியைப் பார்க்கலாம். யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

2003ஆம் ஆண்டு. சில தேயிலைத் தோட்டங்களின் கணக்கு வழக்கைச் சேர்த்துப் பார்க்கிற ஒரு கம்பெனியின் கிளை அலுவலகம், இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்குப் பக்கத்தில், நோர்வூட்டில் இருந்தது. அந்த அலுவலகத்தின் கொம்பியூட்டர்களெல்லாம் எதைத் தேடினாலும் மூலை அறையில் இருந்த ஒரு பெரிய பெட்டியிடம் போய்த்தான் கேட்க வேண்டும். சேர்வர் என்று அதற்குப் பெயர். வாங்கியது தொண்ணூற்றாறில். மழையையும் மூடுபனியையும் உள்ளே இழுத்து இழுத்து அதற்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஒருமுறை யாரோ மாரிமுத்து என்ற தொழிலாளியின் விவரத்தைக் கேட்டார்கள். அது யோசித்தது. யோசித்து முடித்து விடை சொன்னபோது அந்த மாரிமுத்து ஓய்வுபெற்று, தன் சேமலாப நிதியைக் கேட்டு வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

அதை அவ்வப்போது பழுதுபார்த்துக் கொடுத்தவன் கஸ்பர். கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்ட லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கோடிக் காம்பராவில் குடியிருந்தான். நாற்பதை எட்டிப் பிடித்த வயது, கல்யாணம் இல்லை. அக்கா இராசம்மாதான் துணை. வாரம் ஒருமுறை நோர்வூட்டுக்குப் போய் அந்தப் பெட்டியைத் திறந்து தூசி தட்டிவிட்டு வருவான். ஒருநாள் உள்ளே நெட்வேர்க் அட்டை சூடாக இருக்கிறதே என்று தொட்டால், அதற்கு மேலே நிசமான அட்டை ஒன்று கட்டைவிரல் மொத்தத்துக்கு ஊதிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பிக்குள் போகிற வருகிறதையெல்லாம் மாதக்கணக்கில் உறிஞ்சியிருக்கிறது. கஸ்பர் ஒரு சிட்டிகை உப்புப் போட்டான். அது சுருண்டு, காணாமற்போயிருந்த மூன்று கிழமைக் கொழுந்துக் கணக்கை ஒன்று விடாமல் கக்கிவிட்டுத்தான் செத்தது. மெனேஜர் துரைராசா அந்தக் கணக்கில் கையெழுத்தும் வைத்திருக்கிறார்.

கொம்பியூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவனேஸ்வரி. சாவகச்சேரிக்காரர். சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வந்து, கொழும்பில் படித்து, இந்த வேலையோடு மலையேறியவர். பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் குளிர் பழகவில்லை. ஆடி மாதக் காற்றில் தனக்கு ஒரு சால்வையும் சேர்வருக்கு ஒரு சால்வையுமாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அலுவலகத்தில் எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி நிறுத்தி, புத்தகத் தமிழில்தான் பேசுவார். அதனால் அவர் எந்த ஊர் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

போன வருடம் சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. சிவனேஸ்வரியின் அம்மா, கூரை போன வீட்டுக்குத் தகரம் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கிற வேலையும் கிடைத்தது. ஆவணி பிறக்கும்போது அங்கே போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஆனால் துரைராசா ஆளை விடவில்லை. பெயரிலேயே துரையும் ராசாவும் சேர்ந்திருந்ததால் அவருக்கு யாரையும் சுலபத்தில் விட்டுக்கொடுக்கிற பழக்கம் கிடையாது. பழைய சேர்வர் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. புதியது வந்து, இருக்கிற நெட்வேர்க்கோடு சேர்ந்து, ஒரு குறையும் இல்லாமல் வேலை நடக்கிறதைக் கண்ணால் பார்த்த அன்றைக்கு விடுவிக்கிறேன் என்றார். அலுவலகமோ ஒரு மணித்தியாலமும் நிற்கக்கூடாது. கொழுந்துக் கணக்கு நின்றால் லொறி நிற்கும், லொறி நின்றால் தேயிலை அரைக்கிற ஸ்டோர் நிற்கும், ஸ்டோர் நின்றால் தன்னால் நிற்க முடியாது என்று விளக்கமும் சொன்னார்.

ஆகவே புதுப் பெட்டியை வெளியே எங்கேயாவது வைத்துத் தயார்செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து பூட்டிவிடுவது என்று முடிவானது. வெளியே என்றால் கஸ்பரின் காம்பராதான்.

"ஆவணிக்குள்ள நாங்க முடிச்சுத் தந்துருவோம் மிஸ்," என்று கஸ்பர் சொன்னான். சொன்னபிறகுதான், தான் எதை முடித்துக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டோம் என்பது அவனுக்கு மெல்ல உறைத்தது. வாரத்துக்கு ஒருநாள் நோர்வூட்டுக்குப் போவதற்கு அவனிடம் இருந்த ஒரே காரணம் அந்த மூலை அறைதான். அந்த அறையிலிருந்து சிவனேஸ்வரியைக் கழித்தால் மிச்சம் ஒரு பெட்டியும் ஒரு சால்வையும்.

புதுச் சேர்வர் கந்தப்பளைக்கு வந்தது. இராசம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, தீர்த்தம் தெளிக்கப் போனாள். கஸ்பர் பாய்ந்து தடுத்தான்.

வேலை சாதாரணமானது இல்லை. தனியாக நிற்கிற பெட்டிக்கு அலுவலகம் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் கஸ்பர் காம்பராவுக்குள்ளேயே ஒரு பொய் நோர்வூட்டை உண்டாக்கினான். இரண்டு ஓட்டைக் கொம்பியூட்டர்களைத் தேடிக் கொண்டுவந்து, ஒன்றைக் கணக்குப் பிரிவு என்றும் மற்றதை மெனேஜர் அறை என்றும் வைத்தான். காலையில் தோட்டத்தில் பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டதும் இவனும் பெட்டியைத் திறந்து தன் பெரட்டைத் தொடங்குவான். பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட, ஆட்கள் ஒவ்வொருவராகக் குரல் கொடுப்பது போல, சேர்வர் ஒவ்வொரு மெசினாகக் கூப்பிடும், அவை பதில் சொல்லும். மெனேஜர் துரைராசா ஐந்து மணிக்கு எதையும் மூடாமல் நேரடியாகப் பிளக்கைப் பிடுங்குகிறவர். அதற்கும் பழகட்டும் என்று இராசம்மாவை விட்டுத் தினமும் ஐந்து மணிக்குப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னான். அவளுக்கு அந்த வேலை நன்றாகப் பிடித்துப்போனது.

கந்தப்பளைக் குளிரில் பெட்டிக்குள் இருந்த விசிறி இரண்டாம் நாளே தன் உத்தியோகம் தேவையில்லை என்று கண்டு, தானாக நின்றுகொண்டது. ஆனாலும் பெட்டியின் முதுகுப்பக்கம் லேசாகச் சுடும். கந்தப்பளையில் தோசைமாவு புளிப்பதென்பது நடக்காத காரியம். அரைத்து வைத்தால் அரைத்தபடியே இருக்கும். இராசம்மா ஒருநாள் மாவுச் சட்டியைச் சேர்வரின் முதுகோடு அணைத்து வைத்தாள். காலையில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மறுநாளிலிருந்து லயத்துப் பெண்களெல்லாம் சட்டியோடு வந்தார்கள். கணக்குப் பிரிவுக்கும் மெனேஜர் அறைக்கும் நடுவில் மாவுச்சட்டிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தன. சேர்வர் அவற்றையும் பெரட்டில் கூப்பிட்டிருக்கும், வாய் திறந்து பதில் சொல்லத்தான் அவற்றுக்குத் தெரியவில்லை.

சாயங்காலங்களில் சிவனேஸ்வரி டெலிபோன் எடுத்து, வேலை எந்த மட்டில் இருக்கிறதென்று கேட்பார். கஸ்பரின் காம்பராவில் அந்தோனியார் படத்துக்குக் கீழே டெலிபோன். அதன் கம்பி தேயிலைச் செடிகளுக்கு மேலே தொங்கித் தொங்கி வரும். கம்பியில் பனி உட்கார்ந்தால் வார்த்தைகள் நனைந்துபோய்ப் பாதி வழியில் சொட்டிவிடும். மிச்சம்தான் கந்தப்பளைக்கு வந்து சேரும். ஆனால் கஸ்பருக்கு அதைவிட ஆச்சரியம் வேறொன்று. டெலிபோனில் சிவனேஸ்வரி புத்தகத் தமிழ் பேசவில்லை. அலுவலகம் கலைந்து, அறையில் யாரும் இல்லாத அந்த நேரத்தில், முகம் தெரியாத அந்தக் கருவிக்குள் சாவகச்சேரி அப்படியே இறங்கி வந்தது. கஸ்பருக்குப் பாதி விளங்காது. விளங்கவில்லை என்று சொன்னால் திரும்பவும் புத்தகத் தமிழுக்கு ஏறிவிடுவாரோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் ஆமாங்க மிஸ் என்றான்.

ஒருநாள் அவர் வேலையைப் பற்றிப் பேசவில்லை. 

"கஸ்பர், நான் பத்துப் பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு போறன். அங்கை ரோட்டெல்லாம் மாறிப்போச்சாம். என்னோடை படிச்ச பிள்ளையளும் ஒருத்தரும் இல்லை. என்ரை பேர் சொன்னா ஆருக்கும் தெரியுமோ தெரியேல்லை."

கஸ்பர் பெட்டியைப் பார்த்தான். அதுவும் இங்கே இருந்துகொண்டு, இதுவரை பார்த்திராத ஓர் இடத்தின் பெயர்களையெல்லாம் பாடமாக்கிக்கொண்டிருந்தது. இந்த மனுசியோ தனக்குப் பாடமான இடத்துக்கே போகப் பயப்படுகிறார். வெளியே வைத்து ஒன்றை எவ்வளவு தயார்செய்தாலும் சரி, கொண்டுபோய்ச் சேர்க்கிற நேரத்தில் அந்த இடம் இதைக் கூப்பிட்டு, இது பதில் சொல்லி, அது ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் எல்லாம் ஒத்திகைதான். இதை அவன் நினைத்தான். வாயால் சொன்னது, "தெரியாம இருக்குமாங்க மிஸ்," என்பது மட்டும்.

பெயர் வைக்கிற நாள் வந்தது. சேர்வருக்கு ஒரு பெயர் வைத்து, அலுவலகத்து ஆட்களையெல்லாம் அதன்கீழ் ஒவ்வொருவராகப் பதிய வேண்டும். பதிந்தபின் அந்தப் பெயரை மாற்ற அந்த மென்பொருள் விடாது. மாற்றத்தான் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கஸ்பர் இதில் மிகவும் கவனமாக இருந்தான். காரணம் உண்டு. அவனுடைய பெயரைப் பதியும்போது எழுதிய கிளாக்கர் ஒருவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. கஸ்பர் அடையாள அட்டையில் கஸ்தூரி. அரசாங்கக் கடிதங்கள் இன்றைக்கும் செல்வி கஸ்தூரி என்றுதான் வரும். அதனால் அன்றைக்குச் சாயங்காலம் டெலிபோன் மணி அடித்ததும் முதல் கேள்வியாக, பேரு என்னாங்க மிஸ் போடுறது என்று கேட்டான்.

பனி கனமாக இருந்தது. கம்பி இரைந்தது. வார்த்தைகள் சொட்டச் சொட்ட வந்தன.

"பேர்... வடிவா... போடுங்கோ. பேந்து மாத்தேலாது. வடிவா, கேக்குதே?"

"கேக்குதுங்க மிஸ். வடிவா."

"ஓம், வடிவா."

இணைப்பு அறுந்தது.

கஸ்பர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, ஆங்கிலத்தில் வடிவா என்று பெயர் வைத்தான். வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இராசம்மா மாவுச்சட்டியை வைக்க வந்தவள், என்னடா அப்பிடிப் பாக்குற என்றாள். மிஸ் பேர் சொல்லிவிட்டார் என்றான்.

"வடிவாவா? அவுங்க அம்மா பேரா இருக்கும். ஏன்டா, புள்ள பொறந்த வீட்டுல தான பேரு வைப்பாங்க. நீ என்னத்துக்கு இம்புட்டுப் பூரிச்சுப் போற?"

 போகிறவர் ஒரு பெயரை விட்டுவிட்டுப் போக நினைத்திருக்கிறார் என்றுதான் கஸ்பருக்குத் தோன்றியது. அதையும் தன் கையால் எழுதச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஆட்களைப் பதிகிற வேலையை அவன் கலியாணப் பத்திரிகை எழுதுகிறவனைப் போல ஒரு பிழை விடாமல் செய்தான்.

ஆடி கடைசி ஞாயிறு. லயத்து அழகுமுத்து ஓட்டுகிற லீக்ஸ் மரக்கறி லொறியில், இராசம்மாவின் மெத்தையை விரித்து, இரு பக்கமும் லீக்ஸ் கட்டுகளை அணைகொடுத்து, சேர்வரைப் படுக்கவைத்தார்கள். கஸ்பர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பெட்டி குலுங்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அழகுமுத்து அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தை இதற்கு முன்னும் பின்னும் யாரும் ஓட்டியதில்லை. நானுஓயாவுக்குக் கீழே, கொழுந்துக் கூடையோடு நடந்துபோன ஓர் அம்மா லொறியை முந்தினார். தலவாக்கலைக்கு வந்தபோது அதே அம்மா கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"கஸ்பர் அண்ணே, மாப்புள அழைப்புக்குக் கூட இவ்வளவு மெதுவா போனதில்லண்ணே," என்றான் அழகுமுத்து.

மத்தியானம் கழிந்து நோர்வூட்டில் இறக்கினார்கள். அலுவலகத்தில் சிவனேஸ்வரி மட்டும்தான். அன்றைக்கும் சால்வை. கஸ்பர் பெட்டியைத் தூக்கி வைத்து, கம்பியைப் பூட்டி, சுவிட்சை அழுத்தினான். மூலை அறை முழுக்கப் புளித்த மாவு வாசனை வீசியது. சிவனேஸ்வரி மூக்கைச் சுளித்தார்.  பழைய சேர்வர் ஒருமுறை இருமிற்று. புதியது பெரட்டைத் தொடங்கியது. கணக்குப் பிரிவைக் கூப்பிட்டது, பதில் வந்தது. மெனேஜர் அறை, பதில் வந்தது. ஸ்டோர், சம்பளப் பகுதி, வரவேற்பு. ஒவ்வொன்றும், என்னமோ இத்தனை நாளும் இதற்காகத்தான் காத்திருந்தது போல, ஒரு சிணுக்கமும் இல்லாமல் பதில் சொன்னது. சாகக் கிடந்த பழைய பெட்டி தன்னிடம் இருந்ததையெல்லாம் புதியதன் கையில் கொடுத்தது. மாரிமுத்துவைத் தேடினார்கள். விரலை எடுக்கும் முன்னே வந்து நின்றார்.

சிவனேஸ்வரி சிரித்தார். கஸ்பர் அந்தச் சிரிப்பை மனதுக்குள் வாங்கிக்கொண்டிருக்கும்போதே அது பாதியில் நின்றது. அவர் திரையின் மூலையில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

"கஸ்பர், இது என்ன பெயர்?" புத்தகத் தமிழ்.

நீங்கள் சொன்ன பெயர்தான் என்றான் கஸ்பர். நான் எப்போது சொன்னேன் என்றார் அவர். அன்றைக்கு டெலிபோனில், வடிவா போடுங்கோ என்று இரண்டு தடவை சொன்னீர்களே என்றான். சிவனேஸ்வரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று கஸ்பர் கலங்கினான். கையை எடுத்தபோது அவர் அழுவதற்கும் சிரிப்பதற்கும் நடுவில் எங்கோ இருந்தார்.

"ஐயோ கஸ்பர், எங்கடை ஊரிலை வடிவா எண்டா கவனமா, ஒழுங்கா எண்டு அர்த்தம். பேரைக் கவனமாப் போடுங்கோ எண்டெல்லோ சொன்னனான். நோர்வூட் ரெண்டு எண்டு முதலே சொன்னனான், அது உங்களுக்குக் கேக்கேல்லைப் போலை."

கஸ்பருக்கு மலைகளெல்லாம் ஒருமுறை இடம் மாறி நின்ற மாதிரி இருந்தது. அவன் ஊர்ப்பக்கத்தில் வடிவு என்றால் அழகு, இல்லாவிட்டால் ஒரு பெண்பிள்ளை. வேறு அர்த்தம் இருக்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

கம்பெனியின் ஒழுங்கு, இடத்தின் பெயரும் பக்கத்தில் ஓர் இலக்கமும். பழைய பெட்டி நோர்வூட் ஒன்று. இது நோர்வூட் இரண்டாகத்தான் இருக்க வேண்டும். துரைராசாவோ, கடிதத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் கடிதத்தைக் கொண்டுவந்த பியூனையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறவர். ஒழுங்குக்கு மாறான பெயரோடு ஒரு சேர்வரை ஏற்கமாட்டார். ஏற்காவிட்டால் கையெழுத்து இல்லை. அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தால் மூன்று கிழமையாவது போகும். ஆவணி பிறக்க ஐந்தாறு நாள்தான் இருந்தது.

"உங்களிலை பிழை இல்லை," என்றார் சிவனேஸ்வரி. "நான்தான் வீட்டிலை கதைக்கிறமாதிரிக் கதைச்சுப்போட்டன்." சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

திட்டியிருந்தால் கஸ்பருக்கு லேசாக இருந்திருக்கும். அவன் வடிவாவுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தான். அப்போது அந்த நினைப்பு வந்தது, சாத்திய சன்னலுக்குள்ளும் பனி வருகிற மாதிரி. அவன் ஒன்றும் செய்ய வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம், கெடுதல் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். மெனேஜர் வேண்டாம் என்பார், வேலை மூன்று கிழமை இழுக்கும், அந்தக் கல்லூரி வேலை வேறு யாருக்கோ போகும், சாயங்காலங்களில் டெலிபோன் மணி அடிக்கும். அந்த நினைப்போடு அவன் கொஞ்சநேரம் இருந்தான். அதை விரட்டவுமில்லை, உட்காரச் சொல்லவுமில்லை.

பிறகு வேறு மாதிரி யோசித்தான். காது கேட்காத யாரோ எழுதிய பெயரோடு நாற்பது வருடம் வாழ்ந்தவன் அவன். முதலில் எல்லாம் ஒவ்வொரு கந்தோரிலும், ஐயா இது பிழை, திருத்திக் கொடுங்கள் என்று கெஞ்சுவான். அவர்கள் இன்னொரு கந்தோருக்கு அனுப்புவார்கள். ஒருநாள் அலுத்துப்போய், கஸ்தூரி எங்கள் பரம்பரைப் பெயர், ஆண்களுக்கு மட்டும்தான் வைப்பது என்று நிமிர்ந்து சொன்னான். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தலையைத் தூக்காமல் முத்திரை குத்திவிட்டார். பிழையான பெயரைத் திருத்தப் போனால்தான் கஷ்டம். அதற்கு ஓர் அர்த்தத்தைக் கொடுத்துவிட்டால் ஒருவரும் கேட்பதில்லை.

சிவனேஸ்வரி தேத்தண்ணியோடு வந்தபோது அவன் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். நாளைக்கு மெனேஜர் வரும்போது நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம் மிஸ் என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் துரைராசா மூலை அறைக்கு வந்தார். மாரிமுத்துவைத் தேடினார், கிடைத்தார். அழகனைத் தேடினார், செல்லசாமியைத் தேடினார். மாறி மாறி வந்து நின்றார்கள். அவருக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அதன்பிறகு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் திரையின் மூலையை வாசித்தார். வடிவா, என்று ஓர் ஏச்சு வார்த்தையைச் சொல்வது போலச் சொன்னார். கம்பெனி ஒழுங்கு எங்கே என்றார். யாருடைய காதலி இது என்றும் கேட்டார். சிவனேஸ்வரி நிலத்தைப் பார்த்தார்.

கஸ்பர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். மாதா கோவிலில் பூசையின்போது நிருபம் வாசிக்கிற குரல் அவனுக்கு வந்தது.

"அது பேரு இல்லீங்க சார். வாஸ்ட் ஏரியா டேட்டா இன்டர்லிங்க்ட் வெரிஃபைட் அக்ஸஸ். மொத எழுத்தெல்லாம் சேத்தா அப்பிடி வரும். இப்ப வர்ற சேர்வருக்கெல்லாம் இதாங்க போடுறது. நோர்வூட் ரெண்டுன்னும் போடலாம். அது பழைய முறைங்க."

அறையில் மூன்று சத்தங்கள் மட்டும் இருந்தன: மழை, புதுப் பெட்டியின் மெல்லிய இரைச்சல், பழைய பெட்டியின் இருமல். துரைராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். பழைய முறை என்ற சொல் அவருக்குள் எங்கேயோ போய்த் தைத்திருந்தது.

"ஐ நோ, ஐ நோ," என்றார் அவர். "போன வருசமே கொழும்பில எனக்குச் சொன்னாங்க. இங்க யாருக்காவது தெரியுதா எண்டு பாத்தேன்."

அன்றைக்குப் பத்து மணிக்கே சிவனேஸ்வரியின் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. துரைராசா அதோடு நிற்கவில்லை. மற்றக் கிளைகள் பின்தங்கி இருப்பதைச் சுட்டிக்காட்டித் தலைமையகத்துக்கு எழுதினார். அந்த வருடம் முடிவதற்குள் கம்பெனியின் சேர்வர்களெல்லாம் வடிவா ஆகிவிட்டன. கொத்மலைப் பக்கம் இருந்த கிளையில் வடிவா இரண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பொறியியலாளர் அந்த விரிவாக்கத்தைக் கேட்டு அசந்துபோய்க் குறித்துக்கொண்டு போனாராம். கஸ்பருக்கு மாத்திரம் கொஞ்சம் சங்கடம். அவன் நினைத்து வைத்த ஒரே ஒரு பெயர் இப்படி மலை முழுக்கப் பெருகி, எண்ணும் வாங்கிக்கொண்டது.

வியாழக்கிழமை சிவனேஸ்வரி புறப்பட்டார். ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கஸ்பர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கண்டிக்குப் போய், அங்கிருந்து வவுனியா, அங்கிருந்து ஊர். மழை இல்லை. சிவனேஸ்வரி சால்வையை மடித்துக் கையில் வைத்திருந்தார். இனி அதற்கு அவசியம் இராது. அங்கே உங்களைத் தெரிந்துகொள்வார்களா என்று கஸ்பர் கேட்கவில்லை. தெரியாவிட்டால் அவர்களுக்கு ஏதாவது ஓர் அர்த்தம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்து, அதையும் சொல்லவில்லை. கண்டி பஸ் முனகத் தொடங்கியது. சிவனேஸ்வரி ஏறி, சன்னல் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியைத் தள்ளித் திறந்தார். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் புத்தகத் தமிழ் வரவில்லை.

"கஸ்பர், ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்கு உங்களுக்கு உண்மையாவே விளங்கேல்லையோ? இல்லாட்டி விளங்கியும் அந்தப் பேரைப் போட்டனீங்களோ?"

கஸ்பர் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், கடைசியாக அவரைப் பார்த்தான்.

"லைன் சரியில்லீங்க மிஸ்."

பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

கஸ்பர் குடியிருந்த லயத்துக்கு முதன்முதலாக டெலிபோன் கம்பி இழுத்தது, இதெல்லாம் நடந்து ஆறு வருடம் கழித்து, 2009ஆம் ஆண்டு.